நூல் பிடித்த இறக்கை

திருமழிசையைக் கடந்து மேற்கே சென்றால் வரும் குத்தம்பாக்கத்தில், நண்பர் ஒருவரது வீட்டுப் பின்கட்டில், சென்ற ஆண்டின் ஐப்பசி ஞாயிறுகள் சிலவற்றை நாங்கள் ஒரு மரவிமானத்தோடு கழித்தோம். விமானம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை மூன்றடி; எடை கால் கிலோவுக்கும் குறைவு; எஞ்சின் கிடையாது. கையால் வீசினால் மிதந்து சென்று புல்லில் இறங்க வேண்டும், அவ்வளவே. இலக்கியம் பேசக் கூடிய நாங்கள் மூவரும் இதில் ஏன் இறங்கினோம் என்பது தனிக்கதை. நண்பரின் மகன் பள்ளிக்குச் செய்து தரக் கேட்டான், மறுக்க முடியவில்லை என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறோம்.

விமானம் மிதக்கவில்லை. வீசிய ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சாய்ந்து, வட்டமடித்து, மூக்கால் தரையைக் குத்தியது. ஏரிக்கரையில் வேடிக்கை பார்த்த பிள்ளைகள் முதல் முறை கைதட்டினார்கள், மூன்றாம் முறை சிரித்தார்கள், ஆறாம் முறை கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். தெற்கு வானில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் கோடு கிழித்தாற்போலப் போய்க்கொண்டிருந்தன. அந்த நேர்க்கோடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எங்களுக்கு அன்றுதான் உண்மையாகவே எழுந்தது. அதைத் தொடர்ந்து நாங்கள் படித்தவையும், ஒரு வயோதிகத் தச்சரிடம் கற்றவையும் சேர்ந்ததே இக்கட்டுரை.

எங்கள் முதல் மருத்துவம் வாலில் நடந்தது. விமானம் இடப்பக்கம் திரும்புகிறதா, நிமிர்வாலைச் சற்றே வலப்பக்கம் வளைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எண்ணினோம். மெதுவாக வீசியபோது நேராகவும் சென்றது. சற்று வேகமாக வீசியதும் வலப்பக்கம் திரும்பிக் கவிழ்ந்தது. ஒரு குறையை இன்னொரு குறையால் மறைத்திருந்தோம். அந்த மறைப்பு ஒரேயொரு வேகத்தில் மட்டுமே செல்லுபடியாயிற்று.

நண்பர் தம் வீட்டுக் கதவுகளைச் செய்த ஆசாரியை அழைத்து வந்தார். எழுபதைக் கடந்தவர். பொம்மையைக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடி, வால் பக்கமிருந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "நேரா இருக்குன்னு எதை வச்சுத் தம்பி சொல்றீங்க?" கண்ணால் பார்த்துத்தான் என்றோம். "கண்ணு பொய் சொல்லும். நூலு சொல்லாது," என்று மடியிலிருந்து நூலுருண்டையை எடுத்தார்.

வால் முனையில் ஒரு குண்டூசி குத்தி, அதில் நூலைக் கட்டி, இறக்கையின் வல நுனிவரை இழுத்து ஒரு முடிச்சிட்டார். அதே நூலை இட நுனிக்குக் கொண்டுபோனார். முடிச்சு நுனியைத் தாண்டி நின்றது. நாலு மில்லிமீட்டர் வேறுபாடு. இறக்கை உடலின்மேல் சதுரமாக உட்காரவில்லை. பின்பு விமானத்தை மேசையில் வைத்து, இரு நுனிகளிலும் முன்விளிம்பின் உயரத்தையும் பின்விளிம்பின் உயரத்தையும் தனித்தனியே அளந்தார். நோய் அங்கேதான் இருந்தது. இட இறக்கையின் பின்விளிம்பு நுனியருகே ஐந்து மில்லிமீட்டர் மேலே தூக்கியிருந்தது. வல இறக்கையில் அது இல்லை. அதாவது இட இறக்கை நீளவாட்டில் முறுக்கிக்கொண்டிருந்தது. காற்றை அது குறைந்த கோணத்தில் சந்தித்தது, குறைவாகத் தூக்கியது, ஆகவே தாழ்ந்தது. நாங்கள் வாலில் தேடிய குற்றம் இறக்கையில் இருந்தது.

மரத்தின் இந்தக் குணத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. கோட்டம், கோணல், நெளிவு, முறுக்கம். நேர்மைக்கும் நேருக்கும் ஒரே வேரை வைத்துக்கொண்ட மொழி இது. நெடுநல்வாடையில் அரண்மனை கட்டுவோர் இரு கோல்களின் நிழல் பார்த்துத் திசை அறிந்து, நூலிட்டு மனை வகுப்பதைப் படித்தவர்களுக்கு, ஆசாரியின் மடியிலிருந்து வந்த நூலுருண்டை அவ்வளவு புதிதாக இராது. ஆனால் நாங்கள் நினைத்துக்கொண்டது வேறொரு நூலை.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சச்சந்தன் தன் கருவுற்ற தேவி விசயைக்காக ஒரு பெருந்தச்சனை அழைத்துப் பறக்கும் ஊர்தி செய்யச் சொல்கிறான். அவன் ஏழு நாளில் மயிலைச் செய்து முடிக்கிறான். வானுலகத்து மயனோ என்று ஐயுறத்தக்க திறமையாளன் என அவனைப் புகழும் காவியம் அவன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் திருத்தக்கதேவர் பொருள்களின் பட்டியலைத் தருகிறார்: துணிகள், பிசின், நூல், அரக்கு, மெழுகு, இன்னும் வேண்டியவை. நாங்கள் இதைப் பலமுறை படித்திருக்கிறோம். பின்கட்டுத் தரையில் பசையும் நூலும் மெல்லிய காகிதமும் பரப்பி உட்கார்ந்தபோதுதான் அந்தப் பட்டியல் சட்டென்று உறைத்தது. 1903-இலிருந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகெங்கும் செய்யப்பட்ட விமானங்களின் பொருட்பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான். மரச்சட்டம், அதன்மேல் துணி, துணியை இறுக்க ஒரு பூச்சு, தைக்க நூல், ஒட்டப் பசை.

இதைச் சொன்னவுடன் ஒரு மறுப்பையும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் நூற்றாண்டையொட்டித் தமிழர் பறந்தனர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. இத்தகைய பேச்சுக்கு நம் நாட்டில் ஒரு சந்தை எப்போதும் உண்டு. 1895-இல் பம்பாய்க் கடற்கரையில் தள்படே விமானம் பறக்கவிட்டார் என்ற கதையும், வைமானிக சாஸ்திரம் என்ற நூலும் அச்சந்தையின் நிலையான சரக்குகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஐவர் 1974-இல் அந்நூலைப் பொறுமையாக ஆராய்ந்து, அது இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டதென்றும் அதில் கண்ட வடிவங்களில் எதுவும் பறக்கக்கூடியதன்று என்றும் காட்டினார்கள். மயிற்பொறி கவியின் கற்பனைதான். ஆனால் கைவினை அறிந்த ஒருவரின் கற்பனை. பொறியை வலப்பக்கம் திருகினால் மயில் மேகத்தைக் கிழித்து எழும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் கால்களை மடக்கி அமரும் என்கிறார் தேவர். பறக்கும் ஊர்திக்கு இறக்கை மட்டும் போதாது, அடக்கியாளும் ஒரு திருகலும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. விசயை அதை ஓட்டப் பழகினாள் என்றும் சொல்கிறார். கடைசியில் மயில் அவளை இறக்கிவிட்ட இடம் சுடுகாடு. சீவகன் அங்கே பிறந்தான். அது காவியத்தின் தேவை, தச்சனின் பிழையன்று.

திருகல் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போகலாம்.

பறத்தலின் வரலாற்றில் முதலில் வந்தவை பொம்மைகள்தாம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி 1804-இல் ஏறத்தாழ ஐந்தடி நீளக் கோல் ஒன்றில் பட்டமொன்றை இறக்கையாகக் கட்டி, பின்முனையில் சிலுவை வடிவ வாலை வைத்து மிதக்கவிட்டார். அந்த வாலை வேண்டிய கோணத்தில் திருப்பி வைக்கலாம். முன்னால் ஒரு எடையை நகர்த்தலாம். இன்று எந்தச் சிறுவன் பால்சா விமானம் செய்தாலும் செய்யும் திருத்தங்கள் இவை இரண்டும்தான். 1871-இல் பாரிஸின் துய்லெரி பூங்காவில் அல்போன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கால் ஓடும் சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். இறக்கை நுனிகளை மேல்நோக்கி வளைத்தும், வாலை இறக்கையைவிடச் சற்றுக் குறைந்த கோணத்தில் வைத்தும், தானே நிலைகொள்ளும் விமானத்தை உலகுக்குக் காட்டியவர் அவர். முழு அளவு விமானம் செய்ய ஆதரவு கிடைக்காமல் முப்பது வயதில், 1880-இல், தற்கொலை செய்துகொண்டார். அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, அவர் வடிவமைத்த மாதிரியைப் பின்பற்றிய ரப்பர் பொம்மை ஒன்றை அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இரு பிள்ளைகளுக்கு வாங்கிவந்து கொடுத்திருந்தார். பிள்ளைகளின் பெயர் வில்பர், ஆர்வில்.

ரைட் சகோதரர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதில் எங்கள் பின்கட்டுக்குப் பொருந்தும் பகுதி பெரும்பாலும் வேகமாகக் கடந்து செல்லப்படுகிறது. 1899-ஆம் ஆண்டு ஜூலையில், தங்கள் மிதிவண்டிக் கடையில், டியூப் வைத்து வரும் நீண்ட அட்டைப் பெட்டி ஒன்றை வில்பர் கையில் வைத்துப் பேச்சோடு பேச்சாகத் திருகினார். பெட்டியின் ஒரு முனை மேலும் மறுமுனை கீழுமாக முறுக்கிக்கொண்டது. இரண்டடுக்கு இறக்கையையும் இப்படி முறுக்கினால் ஒரு பக்கம் அதிகமாகத் தூக்கும், மறுபக்கம் குறைவாகத் தூக்கும், விமானத்தைச் சாய்த்துத் திருப்பலாம் என்று அவருக்குப் புலப்பட்டது. விமானம் செய்யும் எவரும் ஒழிக்கப் பாடுபடும் கோணலை அவர் கம்பி கட்டி ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டார். தானாக வரும் முறுக்கம் நோய். வேண்டும்போது வரவழைத்து, வேண்டாதபோது முற்றிலும் நீக்கக்கூடிய முறுக்கம் சுக்கான்.

நீக்க முடிய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். இயல்பிலேயே கோணியிருக்கும் இறக்கையை வைத்துக்கொண்டு இந்த வித்தையைச் செய்ய முடியாது. முதலில் நேர், பிறகே கோணல்.

அவர்களும் வாலில் சறுக்கினார்கள் என்பதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. 1901-இல் இறக்கையை முறுக்கித் திரும்பியபோது விமானம் சில வேளைகளில் எதிர்ப்பக்கம் இழுத்தது. அதிகம் தூக்கும் இறக்கை காற்றில் அதிகம் இழுபடவும் செய்யும் என்பதே காரணம். 1902-இல் பின்னால் அசையாத நிமிர்வால் ஒன்றைப் பொருத்தினார்கள். சில பறப்புகளில் அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தாழ்ந்த இறக்கை மணலில் குத்திச் சுழன்று பள்ளம் தோண்டியது. வால் அசைய வேண்டும் என்று ஆர்வில் சொன்னார். அந்த அசைவை இறக்கை முறுக்கத்தோடு கம்பியால் இணைத்துவிடலாம் என்று வில்பர் சொன்னார். அவ்வளவில் சிக்கல் அவிழ்ந்தது. 1903 டிசம்பர் 17 அன்று எஞ்சினுடன் எழுந்த முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி.

அந்த விமானத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. அதன் வலப்பக்க இறக்கை இடப்பக்கத்தைவிட நான்கு அங்குலம் நீளம். எஞ்சின் நடுவிலிருந்து சற்றே வலப்பக்கத்தில் இருந்தது. இடப்பக்கம் படுத்திருந்த ஓட்டுநரைவிட அது கனமானது. அந்தக் கூடுதல் எடையைத் தூக்க நான்கு அங்குலம் கூட்டினார்கள். ஆசாரியின் நூலை வைத்து அளந்தால் அது கோணல். ஆகவே நேர் என்பது இருபக்கமும் ஒத்திருப்பது மட்டுமன்று, எடையும் காற்றும் கூடிக் கேட்கும் நேர் வேறொன்றும் உண்டு என்று எங்களுக்குள் ஒருநாள் நீண்ட விவாதம் நடந்தது. ஆசாரியிடம் சொன்னோம். "அதெல்லாம் நேரு தெரிஞ்சவன் செய்யறது" என்று முடித்துவிட்டார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1909 ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி, சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்ற ஐரோப்பியரை உலுக்கியது. தின்பண்டம் செய்வதிலும் விருந்து வைப்பதிலும் பெயர் பெற்றவர். அவர் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்து, அதைக் கட்டும் வேலையைச் சிம்ப்சன் நிறுவனத்திடம் கொடுத்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. பிறகு தீவுத்திடலில் மக்கள் பார்க்கக் காட்டப்பட்டது. அலகாபாத்தில் அதே ஆண்டு டிசம்பரில் நடந்த பறப்புகளும், 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்ரி பெக்கே அங்கிருந்து யமுனையைத் தாண்டி நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டுபோனதும் வரலாற்று நூல்களில் தலைப்பு எழுத்தில் வருகின்றன. பல்லாவரம் பெரும்பாலும் அடிக்குறிப்பில் வருகிறது. யார் முதல் என்ற வழக்கில் எங்களுக்கு ஆர்வமில்லை. அலகாபாத்தில் பறந்தவை கடல்கடந்து பெட்டியில் வந்த விமானங்கள். பல்லாவரத்தில் நின்றது மவுண்ட் ரோட்டில் இழைக்கப்பட்டது. இந்த வேறுபாடே எங்களை ஈர்க்கிறது.

ஏன் சிம்ப்சன்? 1840-இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் தொழில் குதிரை வண்டி கட்டுவது. சாரட்டுகளும் கோச்சுகளும் அங்கே உருவாயின. 1903-இல் அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டியொன்றையும் கட்டினார். ஆனால் விமானத்துக்கு வேண்டியிருந்தது நீராவி அறிவன்று, வண்டித் தச்சு. நல்ல சாரட்டில் இரண்டு சக்கரங்களும் அச்சோடு சரியான கோணத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சற்று முன்னே போனால் வண்டி ஆயுளுக்கும் ஒரு பக்கமே இழுக்கும், குதிரை தோள் புண்ணாகும். மரத்தை ஆவியில் காட்டி வளைப்பது, வளைத்ததை வளைந்த அளவிலேயே நிறுத்துவது, கனத்தைக் குறைத்து வலுவைக் காப்பது, துணியையும் தோலையும் சட்டத்தின்மேல் சுருக்கமின்றி இழுத்துக் கட்டுவது ஆகிய எல்லாம் வண்டிப் பட்டறையின் அன்றாடம். உலகெங்கும் முதல் தலைமுறை விமானங்கள் தச்சர்களிடமும் வண்டி, படகு, நாற்காலி செய்வோரிடமும் போனதற்கு இதுவே காரணம்.

டி ஆஞ்சலிஸின் கதை சொல்லப்படும்போதெல்லாம் அவர் பெயர் வருகிறது, சிம்ப்சன் பெயர் வருகிறது. உளி பிடித்தவர்கள் பெயர் வருவதில்லை. சென்னையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் பிறந்த தச்சர்கள் சிலர், விமானம் என்றொன்றைக் கண்ணால் காணாமலே, ஒரு வரைபடத்தை விரித்துவைத்து, இட இறக்கைக்கும் வல இறக்கைக்கும் நூல் பிடித்துப் பார்த்திருப்பார்கள். சிந்தாமணியின் பெருந்தச்சனாவது மயனோடு ஒப்பிடப்பட்டான். இவர்களுக்கு அதுவும் இல்லை. பல்லாவரத்துக்குப் பக்கத்துக் குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பாடமாயிற்று. அங்கே படித்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும், ஒருவர் குடியரசுத் தலைவராகவே ஆனார். நாற்பதாண்டு முன்னால் அதே மண்ணில் விமானத்தைச் சுமந்துவந்து பூட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம்.

முதல் உலகப்போரில் இந்த வேலை ஒரு தனித்தொழிலாகவே ஆகிவிட்டது. ஆங்கிலப் படையில் 'ரிக்கர்' என்றார்கள். இரண்டடுக்கு இறக்கைகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்கும் ஓடும் கம்பிகளை முறுக்காணியால் இறுக்கியும் தளர்த்தியும் விமானத்தை நேராக்குவது அவர்கள் பணி. கருவிகள் ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், கோணம் பார்க்கும் பலகை. ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்க்கம்பியைத் தளர்த்த வேண்டும். இரண்டையும் இறுக்கினால் சட்டம் நெளியும். விசிறி சுழலும் வேகத்தில் விமானம் எதிர்ப்பக்கம் சாய முயலும் என்பதால் ஒரு பக்க இறக்கைக்கு வேண்டுமென்றே சிறிது கூடுதல் முறுக்கம் கொடுப்பதும் உண்டு. வீரர்களின் நினைவுக்குறிப்புகள் நூற்றுக்கணக்கில் அச்சாயின. ரிக்கர்கள் எழுதியவை மிகக் குறைவு. நம் விமானப்படை 1933 ஏப்ரலில் கராச்சியில் தன் முதல் அணியைத் தொடங்கியபோது அதில் நான்கு வாப்பிட்டி விமானங்களும், 'ஹவாய் சிப்பாய்' எனப்பட்ட 19 பேரும் இருந்தார்கள். கம்பி கட்டிய இரண்டடுக்கு விமானங்கள் அவை. அதிகாரிகளின் பெயர்கள் எல்லாப் புத்தகங்களிலும் கிடைக்கின்றன.

இத்தனையும் இறக்கை எப்படி நேரானது என்பதைச் சொல்கின்றன. எப்படிக் கோணியது என்பதைச் சொல்ல இன்னொரு விமானம் வேண்டும். எங்கள் பால்சா துண்டுகளின் நேரடி உறவினன் அது.

பால்சா தென்னமெரிக்க மரம். ஈக்வடாரிலிருந்து பெருமளவு வருகிறது. தஞ்சையில் சிற்பம் செய்யும் நெட்டியைக் கையில் எடுத்தவர்களுக்கு அதன் எடையைச் சொல்லிவிடலாம்: நெட்டிக்கு அண்ணன், மற்ற மரங்களுக்கெல்லாம் கடைக்குட்டித் தம்பி. (நாங்கள் முதலில் நெட்டியிலேயே செய்துபார்த்தோம், மாட்டுப்பொங்கல் மாலைக்குத்தான் அது சரி.) இரண்டாம் உலகப்போரில் உலோகத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சிய டி ஹாவிலண்ட் நிறுவனம், மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகளின் நடுவே பால்சாவை வைத்து ஒட்டி, மாஸ்கிடோ என்ற போர்விமானத்தைச் செய்தது. நாற்காலி மேசை செய்யும் பட்டறைகள் அதன் பாகங்களைச் செய்தன. ஐரோப்பிய வானில் அது மிக வேகமான விமானங்களில் ஒன்றாக விளங்கியது. பிறகு பர்மாப் போருக்காக இந்தியாவுக்கு வந்தது.

இங்கே நம் மழையும் வெயிலும் அதற்காகக் காத்திருந்தன. 1944 அக்டோபர், நவம்பரில் சில விமானங்கள் பறக்கும்போதே இறக்கை பிளந்து விழுந்தன, ஆட்கள் இறந்தார்கள். நவம்பரில் இங்கிருந்த மாஸ்கிடோக்கள் தரையில் நிறுத்தப்பட்டன. இறக்கையின் மேற்பலகை, முதுகெலும்பான சட்டத்தைவிட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. வெப்பத்தில் பசை கெட்டது என்ற பேச்சு எழுந்தது. இந்தியா வந்து ஆராய்ந்த ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட், குற்றம் பசையினுடையதன்று, மழைக்காலத்தில் மரச்சட்டம் சுருங்கியதே காரணம் என்று டிசம்பரில் அறிக்கை தந்தார். பிந்திய விசாரணையோ வேறு சொன்னது: பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் இடைவெளியோடு ஒட்டப்பட்டிருந்தன, பட்டறையிலேயே நடந்த பிழை. எங்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றவில்லை. இழைப்பு சரியாயிருந்தால் மரம் கொஞ்சம் அசைந்தாலும் மூட்டு தாங்கும். மூட்டில் இடைவெளி இருந்தால் ஒரு மழைக்காலம் போதும். மார்கழியில் நிலையில் சிக்கும் கதவைத் தெரிந்த எந்தச் சென்னைக் குடித்தனக்காரரும் இதை ஒப்புக்கொள்வார். பிறகு இறக்கையின் நீளவாட்டில் ஒட்டுப்பலகைப் பட்டை பொருத்தி ஈரம் புகாமல் காத்தார்கள். 1945-இல் மாஸ்கிடோக்கள் நம் சோழவரத்து ஓடுதளத்திலும் பின்னர் பரங்கிமலையிலும் வந்து நின்றன. சோழவரம் என்றால் மோட்டார் பந்தயம் என்று மட்டும் அறிந்த எங்கள் தலைமுறைக்கு இது செய்தி.

ஆக, எங்கள் இட இறக்கையைக் கோணவைத்ததும் ஐப்பசிதான், ஓரளவுக்கு. ஓரளவுக்கு நாங்கள். இறக்கையைக் கட்டப் பலகையாக ஒரு பழைய கதவைப் பயன்படுத்தியிருந்தோம். ஆசாரி அதன்மேல் தம் மட்டக்கோலை வைத்துக் கீழே விளக்கைப் பிடித்தபோது, கோலுக்கும் கதவுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. குழிந்த பலகையில் குத்திவைத்த இறக்கை குழிந்தே பிறந்திருந்தது. அதோடு, மெல்லிய காகிதம் ஒட்டி டோப் பூசியபோது மேற்பக்கத்தை ஒரு மாலையிலும் கீழ்ப்பக்கத்தை மறுநாள் மழையிலும் பூசியிருந்தோம். டோப் காயும்போது காகிதத்தைச் சுருக்கி இழுக்கும். இரு பக்கமும் சமமாக இழுத்தால் இறக்கை விறைக்கும், ஒரு பக்கம் முந்தினால் முறுக்கும். ஈரக்காற்றில் பூசிய பக்கம் வெள்ளை பூத்துக் கிடந்ததை அழகென்று வேறு நினைத்திருந்தோம்.

திருத்தம் அடியிலிருந்து தொடங்கியது. கதவைத் தூக்கிப் போட்டுவிட்டு, நண்பரின் பழைய மேசைக் கண்ணாடியை அடித்தளமாக்கினோம். வாலை வளைத்த எங்கள் முதல் மருத்துவத்தை நீக்கி நிமிர்வாலை நேராக்கினோம். குறையை மறைப்பது எடுபடாமல் குறையைக் காண முடியாது. பின்பு இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதன் ஆவியில் இட இறக்கையைக் காட்டி, காகிதம் தளர்ந்த கணத்தில் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்தோம். நேருக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் போதாது என்றார் ஆசாரி. மரம் பழைய இடத்துக்குக் கொஞ்சம் திரும்பும், ஆகவே நேரைத் தாண்டிப் பிடிக்க வேண்டும். சூடு ஆறும்வரை கை அசையாமல் பிடித்திருப்பது எழுத்து வேலை செய்பவர்களுக்கு எளிதன்று. மூன்று முறை செய்தபின் ஐந்து மில்லிமீட்டர் ஒன்றானது. கண்ணாடிமேல் படுக்கவைத்து, இரு நுனிகளின் பின்விளிம்புக்கடியிலும் ஒரே அளவு தீக்குச்சியை வைத்து, மேலே அகராதித் தொகுதிகளை அடுக்கி ஒரு வாரம் விட்டோம். இரு நுனிகளும் சமமாகச் சிறிது மேல்நோக்கி இருந்தால் மெதுவாகப் போகும்போது நுனி தாழாது என்பதால் அந்தத் தீக்குச்சிகள். அகராதிகளுக்கு அந்த வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு கிடைத்த வேலை.

அடுத்த ஞாயிறு இறக்கையை உடலின்மேல் வைத்து மீண்டும் நூல் பிடித்தோம். முடிச்சு இரு நுனிகளிலும் ஒரே இடத்தில் நின்றது. பின்னாலிருந்து பார்க்கையில் கிடைவால் இறக்கைக்கு இணையாக இல்லை; ஒரு பக்கம் காகிதத் துண்டு செருகினோம். இறக்கை அகலத்தில் முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரு விரல்களில் தாங்கிப் பார்த்து, மூக்கில் சிறிது களிமண் அப்பினோம். இவையெல்லாம் அரைமணி வேலை. இறக்கைக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஏரிக்கரையில் காற்று நின்றிருந்த மாலைநேரம். பையன் வீசவில்லை, ஆசாரியிடம் நீட்டினான். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, மறுபடி ஒரு கண்ணை மூடி வால் பக்கமிருந்து பார்த்துவிட்டு, தள்ளினாற்போல் விட்டார். அது புல்லின்மேல் ஆளுயரத்தில் நேராகப் போய், எங்கோ ஒருவர் கட்டியிருந்த மாட்டைத் தாண்டி, வயிறு படிய இறங்கியது. பிள்ளைகள் கிரிக்கெட்டை விட்டுவிட்டு ஓடினார்கள். பையன் பள்ளிக்குக் கொண்டுபோனபோது அடிப்பக்கத்தில் செய்தவர் பெயர் எழுத இடம் விட்டிருந்தான். நாங்கள் மூவரும் ஆசாரியின் பெயரைச் சொன்னோம். அவர் மகன் வந்து எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்துப் போனார்.